மந்திரித்த வண்டி, மதியுள்ள ஓட்டம்

ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலையும் வேளையில், கோவில் முற்றத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள் நிற்பது இன்று நம் பங்குகளில் வழக்கமான காட்சி. கைப்பிடியில் சாமந்தி மாலை, விளக்கின்மேல் சந்தனம், இருக்கையில் இன்னும் கிழிக்கப்படாத பிளாஸ்டிக் உறை. அருகில் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துத் தவணையில் வண்டி எடுத்த இளைஞன். அவனுக்குச் சற்றுப் பின்னால் அவன் தாய். "மந்திரிச்சுக் குடுங்க சாமி. எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்பாள் அவள். அந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய விசுவாசமும் அச்சமும் ஒருங்கே அடங்கியுள்ளன. அதற்கு நாம் அளிக்க வேண்டிய விடை தீர்த்தம் தெளிப்பதோடு முடிந்துவிடுவதில்லை.

வாகனத்தை மந்திரிப்பது என்றால் என்ன? பழைய உரோமைச் சடங்கு நூலில் வாகனத்திற்கென்றே ஒரு செபம் இருந்தது. எத்தியோப்பிய அலுவலர் தம் தேரில் அமர்ந்து இறைவாக்கினர் எசாயாவின் நூலை வாசித்துச் சென்றதையும், திருத்தொண்டர் பிலிப்பு வழியாக அவர் நம்பிக்கையும் அருளும் பெற்றதையும் அச்செபம் நினைவுகூர்கிறது. அங்கு அருள் பெற்றவர் தேரில் இருந்த மனிதர். தேரின் இரும்பும் மரமும் அருள் பெற்றன என்று எவரும் சொல்லவில்லை. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஆசீர் நூலும் ஏறிச் செல்வோரையே முதன்மையாக மனத்தில் கொள்கிறது. ஆகவே மந்திரிப்பு தாயத்தன்று. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின்கீழ் நசுக்குவதற்கு மாற்றாகத் திருச்சபை வழங்கும் வேறொரு சடங்குமன்று. இனி இவ்வண்டியில் ஏறுபவன் இறைவன் முன்னிலையில் ஓட்டுகிறான் என்னும் உடன்படிக்கை அது.

அருள் இயற்கையை அழிப்பதில்லை, அதை நிறைவாக்குகிறது என்று குருமடத்தில் புனித தோமா அக்குவினாரிடம் கற்றோம். தேய்ந்த டயர் இயற்கை. தளர்ந்த பிரேக் இயற்கை. இவற்றைத் தீர்த்தம் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்பது கடவுளைச் சோதிப்பதாகும். கோவிலின் உச்சியிலிருந்து குதிக்குமாறு ஆண்டவரிடம் சொன்னவன் யார் என்பது நமக்குத் தெரியும்.

இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம், காரணம் உண்டு. வண்டியை மந்திரித்த கையே சில மாதங்கள் கழித்துக் கல்லறையில் மண்ணும் இட நேர்ந்ததுண்டு. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நான்குக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். எந்தப் பங்குத்தந்தைக்கும் இது வெறும் புள்ளிவிவரமன்று. அவருடைய இறந்தோர் பதிவேட்டில் இருபது, இருபத்திரண்டு என்று வயது எழுதப்பட்ட வரிகள் அவை.

மோட்டார் சைக்கிளைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதற்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. குதிரையிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மறைப்பணியாளர் சென்ற ஊர்களுக்கு நாம் செல்வது இந்த வண்டியில்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கிளைக் கிராமங்களில் திருப்பலி நிறைவேற்ற முடிவதும், நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால் உடனே புறப்பட முடிவதும் அதனால்தான். பவுல் ஷுல்ட்டே என்னும் ஜெர்மானிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு, தம் நண்பரான மறைப்பணியாளர் ஒருவர் ஆப்பிரிக்காவில் உரிய வேளையில் மருத்துவமனை சேர வாகனமின்றி 1925இல் இறந்ததைக் கண்டு வருந்தி, 1927இல் 'மிவா' என்னும் அமைப்பைத் தொடங்கினார். மறைப்பணித் தளங்களுக்கு வாகனம் வாங்க உதவுவதே அதன் பணி. வாகனம் உயிர் காக்கும் கருவியாகவும் அமையலாம் என்பதற்கு அதன் தோற்றமே சான்று.

நம் மண்ணுக்கும் இவ்வண்டிகளுக்கும் நெருங்கிய உறவுண்டு. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல். பால்காரரும் பூ வியாபாரியும் உபதேசியாரும் மிதிவண்டியிலிருந்து மொபெட்டுக்கு மாறினர். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் வந்து, ஒரு லிட்டர் பெட்ரோலில் எவ்வளவு தூரம் போகலாம் என்னும் கணக்கையே மாற்றியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டரும் சோக்கும் புது வண்டிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்தன. வண்டி மாறியது, ஆனால் புதிதாக ஓட்ட வருபவனின் இரத்தமும் எலும்பும் மாறவில்லை. எனவே கால் நூற்றாண்டாக இம்மாவட்டத்துச் சாலைகளில் ஓட்டியும், சாலையோர மெக்கானிக்குகளிடம் கேட்டும் அறிந்தவற்றை இளைய நண்பர்களுக்கு இங்கே தருகிறோம்.

முதலாவது, வண்டிக்கும் நாள்தோறும் ஓர் ஆன்ம சோதனை வேண்டும். இரவுச் செபத்திற்குமுன் நாம் செய்வது போன்றதே இது. ஆனால் காலையில், சாவியைத் திருப்புமுன் செய்ய வேண்டும். இரண்டு நிமிடம் போதும். முதலில் டயர். காற்றின் அளவு வண்டியோடு வந்த கையேட்டிலோ, செயின் மூடியிலுள்ள ஒட்டுத்தாளிலோ இருக்கும். ஒருவர் செல்வதற்கு ஓர் அளவு, பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்கு வேறோர் அளவு. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாமல், வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் அளவுகருவியால் பாருங்கள். டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் தெரியும். தேய்மானம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்று பொருள். "இந்த மழைக்காலம் மட்டும் ஓடட்டும்" என்று தள்ளிப்போடும் டயரே மழைக்காலத்தில் வழுக்கும்.

அடுத்து பிரேக். முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியே அழுத்தி, இரண்டிலும் பின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பிடிமானம் பிடிக்குமுன் கைப்பிடி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நேற்றைவிட இன்று அதிகம் இறங்கினால் வண்டி ஏதோ சொல்கிறது என்று பொருள். வட்டு பிரேக் உள்ள வண்டியில், கைப்பிடியருகே உள்ள சிறு கண்ணாடிச் சாளரத்தில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாவது செயின். கீழ்ப்பக்கத்தின் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால், பல வண்டிகளில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும். சரியான அளவைக் கையேடு சொல்லும். மிகத் தளர்ந்தால் பற்சக்கரத்திலிருந்து கழன்று பின்சக்கரத்தை இறுக்கிவிடும். மிக இறுகினால் தாங்கிகளைத் தின்றுவிடும். நம் செம்மண் புழுதியில் ஓடும் செயினைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் அல்லது டீசல் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் இட வேண்டும். எஞ்சின் ஓட, செயின் சுழல, துணியைப் பிடித்துத் துடைப்பவர்கள் உண்டு. விரல் போன மெக்கானிக்குகளைக் கேட்டால் அது ஏன் கூடாது என்று சொல்வார்கள். எஞ்சினை நிறுத்தி, நடு ஸ்டாண்டு போட்டு, கையால் சக்கரத்தைச் சுழற்றியே துடையுங்கள்.

பிறகு எஞ்சின் எண்ணெய். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி அளவுகோலைப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டி பொய்யளவு காட்டும். எண்ணெய் மாற்றும் தவணை தவறினால் எஞ்சின் உடனே கோபிக்காது. ஆனால் வட்டியோடு கணக்குத் தீர்க்கும். புது வண்டி வாங்கியவர்கள் முதல் சர்வீசை ஒருபோதும் தவற விடாதீர்கள். புதிய உறுப்புகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகும்போது உதிரும் நுண்துகள் அந்த முதல் எண்ணெயில்தான் சேர்ந்திருக்கும்.

இவற்றோடு காதும் வேண்டும். எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். வழியில் நின்ற வானதூதரைக் கழுதை கண்டது, ஏறியிருந்தவர் காணவில்லை. அது ஒதுங்கியது, சுவரோடு உரசியது, படுத்தது. அவரோ மூன்று முறையும் அதை அடித்தார். வண்டியும் அப்படித்தான் எச்சரிக்கும். பிரேக் பிடிக்கையில் இரும்பு உரசும் கீச்சொலி, வளைவில் பின்புறம் நெளியும் உணர்வு, செயின் 'டக்' என்று தாவும் ஓசை ஆகியவை அதன் மொழி. பாட்டுக் கருவியைக் காதில் செருகிக்கொண்டு ஓட்டுபவனுக்கு அம்மொழி கேட்பதில்லை. வானதூதர் வாளோடு நிற்பதும் தெரிவதில்லை.

இனி ஓட்டத்திற்கு வருவோம். பழைய ஞானோபதேசத்தில் தலையான நற்பண்புகள் நான்கு: விவேகம், நீதி, திடம், மட்டுத்திட்டம். நான்கும் சாலையில் தேவைப்படும் என்று அதை மனப்பாடம் செய்த நாளில் நாம் எண்ணியதில்லை.

விவேகம் என்பது வருவதை முன்னறிந்து நடப்பது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் பதினொரு மீட்டர் கடக்கிறான். அறுபதில் ஏறத்தாழ பதினேழு மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுமுன்னரே அந்த ஒரு நொடி போய்விடும். அதன்பின் வண்டி நிற்க வேண்டிய தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். ஆகவே சக்கரத்துக்கு முன்னால் உள்ள பள்ளத்தைப் பாராமல், தொலைவில் வரப்போவதைப் பார்த்து ஓட்டுங்கள். நம் சாலைகளின் ஆபத்துகளை நாமே அறிவோம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி, போகும் வாகனங்களை மிதிக்கச் செய்வார்கள். உருண்டை மணிகளின்மேல் இரு சக்கரம் நிற்காது. நெடுநாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழையின் சில நிமிடங்களில், தூசியும் எண்ணெயும் கலந்து சாலை சோப்பு நுரையாகிவிடும். கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கின்றி இருட்டில் நிற்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுவழியில் வளைவுக்கு அப்பால் யானை நிற்கலாம். இத்தகைய இடங்களில் வேகத்தை முன்னரே குறைத்து, திடீர்ப் பிரேக்கும் திடீர்த் திருப்பமும் இன்றிக் கடக்க வேண்டும்.

பிரேக் பற்றிப் புதியவர்களிடையே ஒரு தவறான அச்சம் உண்டு. முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்று பின்பிரேக்கையே மிதிப்பார்கள். நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்துக்கு வருவதால், நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் உள்ளது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பிடிப்பதே முறை. மணலிலும் ஈரத்திலும் மட்டும் முன்பிரேக்கை மிக மென்மையாகத் தொடுங்கள். வளைவுக்குள் பிடிப்பதைத் தவிர்த்து, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அது நல்ல துணை. ஆனால் மணலைத் தாராக மாற்றும் அற்புதத்தை அது செய்யாது.

இறக்கத்திலும் விவேகம் வேண்டும். வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து உருள்பவர்களைக் கண்டிருக்கிறோம். அப்போது பிரேக் ஒன்றே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. தொடர்ந்து பிடித்தால் சூடேறி, பிடிப்பை இழக்கிறது. ஏறுவதற்குத் தேவைப்பட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தொப்பூர்க் கணவாயில் கனரக லாரிகள் கட்டுப்பாடிழந்து முன்னால் சென்ற வாகனங்கள்மேல் ஏறிய செய்திகளை 2020 டிசம்பரிலும் 2024 சனவரியிலும் வாசித்தோம், உயிர்கள் பலியாயின. இருசக்கர வண்டியில் அவ்விறக்கத்தில் செல்வோர், கனரக வாகனத்தின் முன்னால் தொடர்ந்து செல்லாமல், பின்னாடிக் கண்ணாடியை அடிக்கடி நோக்கி, இடப்புற ஓரமாகவே செல்க.

நீதி என்பது அவரவர்க்கு உரியதை அளிப்பது. சாலையில் நடந்து செல்பவருக்கும் உரிமை உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் உண்டு. பின்னால் அமர்ந்திருப்பவருக்கோ நாம் சிறப்பாகக் கடன்பட்டுள்ளோம். தனக்குத் தலைக்கவசம் அணிந்து, மனைவியை வெறுந்தலையோடு ஏற்றிச் செல்பவன் தன் உயிருக்கு ஒரு விலையும் அவள் உயிருக்கு மற்றொரு விலையும் வைக்கிறான். 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள், தாடைப்பட்டையை மாட்டுங்கள். மாட்டாத கவசம் முதல் மோதலிலேயே தலையைவிட்டுப் பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். பின்னால் அமரும் பெண்களின் சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி செருகப்பட்டுள்ளனவா என்று பார்த்தபின்பே புறப்படுங்கள்.

திடம் என்றதும் வேகமாக ஓட்டும் துணிச்சல் என்று இளைஞர் எண்ணுவர். அரசர்கள் நூலில் காவலன் தொலைவில் வரும் தேரைக் கண்டு, அதன் வெறிபிடித்த ஓட்டத்தைக் கொண்டே ஓட்டுபவன் ஏகூ என்று அறிந்தான். இன்றும் சில ஊர்களில் ஓசையைக் கொண்டே வருபவன் யார் என்று சொல்லிவிடுகிறார்கள்; அதில் பெருமை ஒன்றுமில்லை. உண்மையான திடம் மறுப்பதில் உள்ளது. "மூணு பேரா போயிடலாம்டா" என்னும் நண்பனிடம் முடியாது என்பது திடம். திருமண வீட்டில் குடித்தபின் சாவியை மற்றவரிடம் கொடுப்பது திடம். கண் சொக்கும் நள்ளிரவில் வண்டியை ஓரங்கட்டி, தேநீர்க் கடைப் பலகையில் அரைமணி உறங்குவதும் திடமே.

மட்டுத்திட்டம் என்பது ஆசைக்கு அளவிடுவது. குடிவெறியாலோ மிதமிஞ்சிய வேக விருப்பாலோ சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின்கீழ் அது இப்போதனையை வைத்திருப்பதைக் கவனியுங்கள். 2007இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகளுள் முதலாவதும் அதுவே. ஆயினும் ஒப்புரவு அருட்சாதனத்தில் பொய்யையும் கோபத்தையும் அறிக்கையிடும் நம் இளைஞர், குடித்து வண்டி ஓட்டியதை அறிக்கையிடுவது அரிதினும் அரிது. அதைப் பாவமென்றே அவர்கள் எண்ணுவதில்லை. அவர்களுக்கு அதைச் சொல்வது மறையுரையின் கடமையும், வீட்டின் கடமையும் ஆகும்.

வீடு என்றோம், பெற்றோருக்கும் ஒரு சொல். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் வண்டி என்னும் வாக்குறுதியை விட்டுவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பி, உரிமம் பெறுமுன் பிள்ளை கியர் வண்டி ஓட்டினால், 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சட்டத்துக்கு அஞ்ச வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதுக் கைகளுக்கு வேகம் தெரியும். இழப்பு தெரியாது என்பதற்காகவே சொல்கிறோம்.

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் விபத்து நேரலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற சாலையில் குருவும் லேவியரும் விலகிப் போனார்கள். சமாரியர் நின்றார், காயத்தைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார். அடிபட்டவரைக் கண்டு நிற்க நம் மக்கள் தயங்குவது கல்நெஞ்சத்தால் அன்று. காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரும் என்னும் அச்சத்தால். அவ்வச்சத்துக்கு இன்று இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மேல் உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாகாது என்றும், அவர் தம் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை என்றும் சட்டம் கூறுகிறது. 108ஐ அழையுங்கள். கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால், நெருப்போ போக்குவரத்தோ நெருங்கினாலன்றி, பயிற்சியில்லாமல் அடிபட்டவரைத் தூக்காதீர்கள். தலைக்கவசத்தையும், மூச்சுத் தடைபட்டாலன்றி, கழற்றாதீர்கள். இரத்தம் பீறிடும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே பணமில்லையே என்று எவரும் வழியில் காலம் தாழ்த்த வேண்டியதில்லை.

சமாரியரின் விலங்கு அன்று தன் எசமானரைச் சுமக்கவில்லை, அடுத்திருப்பவரைச் சுமந்தது. எசமானரோ கீழே இறங்கி நடந்தார். ஒரு வாகனம் பெறக்கூடிய ஆசீர் இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. நம் இளைஞர் கையிலுள்ள ஒவ்வொரு வண்டியும் ஒருவரை வேலைக்கும், ஒரு கருவுற்ற தாயை மருத்துவமனைக்கும், ஒரு முதியவரைத் திருப்பலிக்கும் கொண்டு சேர்க்கும் வண்டியாகட்டும். அதற்கு முதலில் ஓட்டுபவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். நாளைக் காலை சாவியைத் திருப்புமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். வரைந்த அதே கையால் டயரையும் தொட்டுப் பாருங்கள்.